கடற்கரை மணலில் விதையிலிருந்து சைவ்ஸ், பூண்டுத் தாள், பஞ்சிங் வெங்காயம்: எது முளைக்கும், எது நிலைக்கும்?

மணற்காணி, களுதாவளை

வணக்கம். ஒருதரம் நட்டால் வருடக்கணக்கில் வெட்டி எடுக்கக்கூடிய வெங்காய இனங்களை விதையிலிருந்து எடுக்கப் பார்க்கிறேன். கையில் நாலு பக்கற் இருக்கிறது: சைவ்ஸ், கார்லிக் சைவ்ஸ் என்ற பூண்டுத் தாள், பஞ்சிங் வெங்காயம், மர வெங்காயம். ஆவணி நடுவில் ஒவ்வொன்றிலும் 40 விதை போட்டேன். 24ஆம் நாள் கணக்கு இது: பஞ்சிங் 11, பூண்டுத் தாள் 4, மற்ற இரண்டும் ஒன்றுமில்லை. மேடை கிணற்றடி மணல். மேலே ஒரு விரல் கனத்துக்கு மாட்டெரு. திறந்த வெயில், காலையும் மாலையும் பூவாளித் தண்ணீர். பிழை விதையிலா, மேடையிலா, காலத்திலா?

பூவாளி, தேற்றாத்தீவு

தங்கச்சி, மூன்றிலும்தான். ஆனால் முதலில் நாலு பக்கற்றையும் பிரித்துப் பார்க்க வேணும். நாலும் ஒரே குடும்பம் என்றாலும் நாலுக்கும் நாலு குணம்.

மர வெங்காயத்தை மறந்துவிடுங்கள். அது சாதாரண வெங்காயமும் பஞ்சிங் வெங்காயமும் கலந்த கலப்பினம். தண்டின் நுனியில் பூவுக்குப் பதில் சின்னச் சின்னக் குமிழ்களைக் கட்டும், அவற்றை நட்டுத்தான் பெருக்குவார்கள். விதை பிடிக்காத செடிக்கு விதைப் பக்கற் எப்படி வரும்? உள்ளே இருப்பது வேறு ஏதோ வெங்காய விதை. குமிழே கிடைத்தாலும் இங்கே பயனில்லை. குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் அது தண்டெழுப்பும்.

பூண்டுத் தாள், அதாவது அல்லியம் டியூபரோசம், நம் மண்ணுக்கென்றே பிறந்தது போன்ற இனம். தட்டையான இலை, வெள்ளை நட்சத்திரப் பூ, பூண்டு மணம். வெயிலைத் தாங்கும், கிழங்கு போன்ற அடித்தண்டு இருப்பதால் ஒரு கிழமை தண்ணீர் தவறினாலும் மீளும்.

பஞ்சிங் வெங்காயம் அல்லியம் ஃபிஸ்டுலோசம். குழாய் இலை, அடியில் குமிழ் கட்டாது, பக்கக் கன்று விட்டுப் பெருகும். யப்பானில் இதை மூன்று கூட்டமாகப் பிரிப்பார்கள்: காகா, சென்ஜூ, கூஜோ. பக்கற்றில் கூஜோ என்று இருந்தால் விடாதீர்கள். நிறையக் கன்று வெடிப்பதும் சூட்டைத் தாங்குவதும் அந்தக் கூட்டம்தான். வெள்ளைத் தண்டுக்காக வளர்க்கும் நெட்டை இனங்கள் இங்கே ஒற்றைக் காலில் நின்று முடிந்துவிடும்.

சைவ்ஸ் அல்லியம் ஸ்கீனோப்ராசம். மெல்லிய குழாய் இலை, ஊதாப் பூ. குளிர்நாட்டுச் செடி. இங்கே வளர்க்கலாம், ஆனால் நிழலில், சட்டியில், தனிக் கவனத்தோடு.

விதைச்சாடி, திருக்கோவில்

மேடையைத் திருத்துவதற்கு முன் விதைக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கோ. வெங்காயக் குடும்பத்து விதைதான் வீட்டில் வைக்கும் காய்கறி விதைகளில் ஆயுள் குறைந்தது. நல்ல பாதுகாப்பில் இரண்டு வருடம் வரும். கடை றாக்கையில் நம் கடலோர ஈரக் காற்றில் கிடந்தால் ஒரு மாரிகூடத் தாங்காது. ஈரப்பதன் ஒரு சதவீதம் கூடினாலே ஆயுள் பாதியாகும், வெப்பம் 5 பாகை ஏறினாலும் மறுபடி பாதி. பக்கற்றில் காலாவதித் திகதியை மட்டும் பார்க்காமல் பொதி செய்த திகதியையும் பாருங்கோ.

சோதிக்கும் முறை: 20 விதை எண்ணி எடுங்கோ. வடித்துப் போட்ட தேநீர் வடிகட்டித் துணியோ ரிசுவோ நனைத்துப் பிழிந்து, விதைகளை ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பிச் சுருட்டி, மூடியில் ஓட்டை போட்ட யோகட் கோப்பைக்குள் வையுங்கோ. வீட்டுக்குள் குளிர்ச்சியான மூலை. 5ஆம் நாளிலிருந்து தினமும் விரித்துப் பாருங்கோ. 14 நாளில் 14ஓ அதற்கு மேலோ வேர் விட்டால் நல்ல விதை. 8 முதல் 13 என்றால் இரட்டிப்பாகப் போடுங்கோ. அதற்குக் கீழே என்றால் அந்த விதைக்குப் பாத்தி ஒதுக்கவே வேண்டாம். முளைத்தாலும் நாற்று நோஞ்சானாக வரும், அழுகலுக்கு முதல் இரை அதுதான்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: இலங்கையின் 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதை இறக்குமதி செய்ய அனுமதிப் பத்திரமும் ஏற்றுமதி நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேணும். கட்டுநாயக்கவில் உள்ள தாவரத் தொற்றுத் தடைகாப்புச் சேவைதான் அதைப் பார்ப்பது. வெங்காய நோய்கள் விதையோடு பயணம் செய்பவை. இது வெறும் கடதாசி வேலை இல்லை.

மணற்காணி, களுதாவளை

அக்கா, பொதி செய்த திகதி பார்த்தேன். பூண்டுத் தாளுக்கு 19 மாதம், சைவ்ஸுக்கு 22 மாதம். பஞ்சிங் மட்டும் 7 மாதம். கணக்கு விளங்குகிறது. புது விதை எடுத்தால் மேடை எப்படி அமைக்க வேணும்?

பூவாளி, தேற்றாத்தீவு

மேடையே வேண்டாம். தட்டில் போடுங்கள். ஆவணி மத்தியானத்தில் வெறுங்கால் வைக்க முடியாத மணலில் அரை அங்குல ஆழத்தில் விதை கிடந்தால் அவிந்துதான் போகும். பூண்டுத் தாள் 20 முதல் 25 பாகை செல்சியஸில் திருப்தியாக முளைக்கும், பஞ்சிங் இன்னும் இரண்டு மூன்று பாகை தாங்கும். சைவ்ஸுக்கு 20 பாகைக்குக் கிட்ட இருக்க வேணும். 30 தாண்டினால் எல்லாமே முரண்டு பிடிக்கும்.

கலவை: சலித்த கூட்டெரு 2 பங்கு, தும்புத் தூள் 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு, உமிக்கரி 1 பங்கு. தும்புத் தூளை அப்படியே போடாதீர்கள். உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாக இருந்தால் அதில் உப்பு ஏறியிருக்கும். மூன்று தரம் நல்ல தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து எடுங்கள். பச்சை மாட்டெரு கிட்டவும் வரக்கூடாது. உங்கள் மேடையில் ஒரு விரல் எரு போட்டதே பாதி விதையை அழுக வைத்திருக்கும்.

விதையை மாலை சாதாரண தண்ணீரில் போட்டுக் காலையில் வடித்து நிழலில் கால் மணி நேரம் உலர விடுங்கள், கையில் ஒட்டாமல் தூவ வரும். 12 மணி நேரத்துக்கு மேல் ஊறினால் விதைக்கு மூச்சு முட்டும். ஆழம் 6 முதல் 10 மில்லிமீற்றர். மேலே மெல்லிய உமிக்கரிப் போர்வை போதும். தட்டை நனைந்த சாக்கால் மூடி, காற்றோட்டமுள்ள விறாந்தையில், தண்ணீர்ப் பானை வைக்கும் மூலையில் வையுங்கள். 6ஆம் நாளிலிருந்து சாக்கைத் தூக்கிப் பார்க்க வேணும். முளை நேராக வராது. கொக்கி மாதிரி வளைந்து முதுகால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். முதல் கொக்கி தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட்டு, காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்ற வேணும். ஒரு நாள் பிந்தினாலும் முளை வெளிறி நீண்டு சாய்ந்துவிடும்.

இன்னொன்று. கொக்கியின் நுனியில் கறுப்பு விதைக்கூடு ஒட்டிக்கொண்டிருந்தால் கையால் கழற்றாதீர்கள். அதற்குள் இருக்கும் உணவைத்தான் நாற்று இன்னும் உறிஞ்சுகிறது.

படுவான்கரை, வவுணதீவு

காலத்தைப் பற்றி ஒரு கருத்து வேறுபாடு. பலரும் தையில்தான் விதை போடச் சொல்வார்கள். குளிர்ச்சி இருக்கும், மழை ஓய்ந்திருக்கும், உண்மை. ஆனால் நாற்று நடுகைக்கு வர 8 முதல் 10 கிழமை எடுக்கும். தை நடுவில் போட்டது பங்குனி முடிவில்தான் பாத்திக்கு வரும். அதன்பிறகு மழை இல்லை, வைகாசியில் கச்சான் காற்று பிடித்தால் வேர் இறங்காத செடி இரண்டு நாளில் வைக்கோலாகும். என் கணக்கு: ஐப்பசியில் விதை, கூரைக்குக் கீழே தட்டில். மார்கழிக் கடைசியில் அல்லது தை முதல் கிழமையில் நடுகை. மழையின் ஈரமும் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. கச்சான் வருமுன் நாலு மாதம் வேர் பிடிக்கும்.

அக்கரைப்பற்றுத் தோட்டம்

ஐப்பசி சரி, ஆனால் நாற்றழுகலை மறந்து பேசக்கூடாது. கார்த்திகையில் நாலு நாள் தொடர்ந்து அடைமழை பிடித்தால் தட்டு காயவே காயாது. நாற்றின் கழுத்து தண்ணீர் கோத்தது போல மெலிந்து, காலையில் பார்த்தால் வட்ட வட்டமாகப் படுத்துக் கிடக்கும். கூரை மட்டும் போதாது, நாலு பக்கமும் காற்று வர வேணும். தட்டை நிலத்தில் வைக்காமல் இடுப்புயரத் தட்டிமேல் வைத்து, மழை நாட்களில் மேலிருந்து தண்ணீர் விடாமல், தட்டின் அடியை ஒரு தாம்பாளத் தண்ணீரில் 10 நிமிடம் வைத்து உறிஞ்ச விட வேணும். விதையும் அடர்த்தியாக விழக்கூடாது. ஒரு சாண் சட்டிக்கு 20 விதைக்கு மேல் வேண்டாம்.

கூரையும் காற்றும் உள்ளவருக்கு ஐப்பசி. அது இல்லாதவருக்குத் தைதான் பாதுகாப்பு, பிறகு கோடை முழுக்க நாற்றை நிழல்வலைக்குக் கீழே சட்டியிலேயே வைத்து அடுத்த மாரிக்கு நிலத்தில் இறக்கலாம். பூண்டுத் தாள் அப்படி ஒரு வருடம் சட்டியில் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

படுவான்கரை, வவுணதீவு

அக்கரைப்பற்று நானா சொன்ன அடித் தண்ணீர் முறையை ஒத்துக்கொள்கிறேன். தைக்காரர்கள் சட்டியில் வைத்திருப்பதும் நல்ல வழி.

எங்கள் பக்கக் களிமண்ணில் நடுபவர்களுக்கு: பாத்தியை ஓரடி உயர்த்தாமல் நடாதீர்கள். மாரியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே வேர் கிளம்பும் அடித்தட்டு அழுகி, இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். கடலோர எழுவான்கரை மணலுக்கு நேர்மாறு, பாத்தியை நிலமட்டத்திலோ நாலு விரல் பள்ளமாகவோ போட்டால்தான் ஈரம் நிற்கும்.

நிழல்வலை, ஏறாவூர்

இடையில் ஒரு கேள்வி. பூஞ்சாடிக் கடையில் சைவ்ஸ் என்று ஒரு சட்டி விற்கிறார்கள். இலை மெல்லிசு, கரும்பச்சை, அடியில் சின்னக் குமிழ். மழை பெய்த மூன்றாம் நாள் ஒற்றை வெள்ளைப் பூ. இதிலிருந்து விதை எடுக்கலாமா?

விதைச்சாடி, திருக்கோவில்

அதை வாயில் வைக்கவே வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளம் மழை அல்லி, செபிரந்தஸ். அதில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது, வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். விதையும் கறுப்பாக, தட்டையாக, வெங்காய விதை போலவே ஏமாற்றும்.

பிரித்தறிய வழி: இலையைக் கசக்கி மணந்து பார்க்க வேணும். வெங்காய மணமோ பூண்டு மணமோ இல்லையென்றால் அது வெங்காய இனமே இல்லை. ஒரு செடியைக் கசக்கிய கையால் அடுத்ததைக் கசக்காதீர்கள், முந்தின மணம் கையிலேயே நிற்கும். பூவையும் பாருங்கோ. வெங்காய இனங்களில் ஒரு தண்டின் நுனியில் பல சின்னப் பூக்கள் குடை போலக் கொத்தாக வரும், மழை அல்லிக்குத் தண்டுக்கு ஒன்றுதான். ஊதாப் பூக்கொத்தும் பூண்டு மணமும் உள்ள துல்பாகியா என்ற தென்னாபிரிக்க அழகுச் செடியையும் சிலர் கார்லிக் சைவ்ஸ் என்று விற்கிறார்கள். அதுவும் வேறு இனம்.

மணற்காணி, களுதாவளை

புது விதை வந்தது. சோதனையில் 20க்குப் பூண்டுத் தாள் 17, பஞ்சிங் 18, சைவ்ஸ் 15. இனி நடுகைக்கான அளவுகளைச் சொல்லுங்கோ. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கோடையில் கொஞ்சம் உவர்க்கும், அதையும் சேர்த்து.

அக்கரைப்பற்றுத் தோட்டம்

உப்பிலிருந்தே தொடங்குவோம். உப்பை மிகக் குறைவாகத் தாங்கும் பயிர்களில் வெங்காயம் ஒன்று. மண் சாற்றின் மின்கடத்துதிறன், அதாவது உப்பின் அளவைக் காட்டும் கணக்கு, மீற்றருக்கு 1.2 டெசிசீமன் தாண்டியதும் குமிழ் வெங்காயத்தின் விளைச்சல் இறங்கத் தொடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமனுக்கும் சுமார் 16 சதவீதம் போகும். கையடக்க அளவுமானியால் கிணற்றுத் தண்ணீரை அளந்து 0.8க்குள் இருந்தால் நிம்மதி. வாய்க்கு உவர்ப்புத் தெரியும் தண்ணீர் அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும்.

கரையோரக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு படலமாகத்தான் மிதக்கிறது. மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலேறும். காலையில் கொஞ்சம், கிணறு ஊறிய பிறகு மாலையில் கொஞ்சம் என்று இறைப்பது நல்லது. உவர்க்கும் மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தெளிப்பதுதான் பெரிய தவறு: தண்ணீர் ஆவியாகி உப்பு வேரடியில் தங்கும். இரண்டு நாளுக்கு ஒருக்கால் அடிவரை இறங்கும்படி விடுங்கள், இலைமேல் படாமல். இலை நுனி ஒரேயளவாகக் காய்ந்து மஞ்சளாக ஏறினால் நோய் என்று மருந்து தேடாதீர்கள், உப்புதான்.

பூவாளி, தேற்றாத்தீவு

நடுகை அளவு. நாற்று 12 முதல் 15 சென்ரிமீற்றர் உயரம், மூன்று இலை, பென்சில் கூர் அளவுத் தடிப்பு வர வேணும். ஒற்றை ஒற்றையாக நடாதீர்கள். பூண்டுத் தாளும் சைவ்ஸும் 8 நாற்றை ஒரு பிடியாகச் சேர்த்து ஒரு குழிக்கு நட்டால் முதல் வருடமே புதர் பிடிக்கும். பஞ்சிங் 3 நாற்று போதும். குழிக்குக் குழி 25 சென்ரிமீற்றர். தட்டில் இருந்த ஆழத்தைவிட ஒரு விரற்கடை கீழே வைக்கலாம்.

சதுர மீற்றருக்கு 5 கிலோ நன்றாக மக்கிய கூட்டெரு. நம் மணலில் ஊட்டம் நிற்காது, ஆகவே அடியுரமாக எல்லாவற்றையும் கொட்டிப் பயனில்லை. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் சதுர மீற்றருக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, யூரியாவைப் பூவாளித் தண்ணீரில் கரைத்து அடியில் ஊற்றுங்கள். இரசாயனம் வேண்டாதவர்கள் சீமைக்கிளுவை இலையை ஒரு கிழமை ஊறவைத்த நீரை ஐந்து மடங்கு தண்ணீரில் கலந்து விடலாம். வைக்கோல் மூடாக்கு கோடையில் கட்டாயம், மாரி தொடங்குமுன் அகற்றிவிடுங்கள்.

முதல் வெட்டுக்கு அவசரப்பட வேண்டாம். பூண்டுத் தாள் நட்டு நாலு மாதம் தொடாதீர்கள். அந்த நாலு மாதத்தில் சேமித்த அடித்தண்டுதான் அடுத்த வருடங்களின் மூலதனம். பிறகு 25 முதல் 30 நாளுக்கு ஒருதரம், நிலத்திலிருந்து மூன்று விரற்கடை விட்டுக் கூரான கத்தியால் வெட்டுங்கள். கையால் பிடுங்கினால் அடித்தட்டு அசையும். பஞ்சிங்கை வேரோடு பிடுங்கி எடுத்து, கொத்தில் இரண்டு கன்றை மறுபடி நட்டுக்கொண்டே வந்தால் விதை தேவையே வராது. இரண்டு மூன்று வருடத்தில் பூண்டுத் தாள் கொத்து நெருங்கி இலை மெலியும். மாரி தொடக்கத்தில் கிளப்பி, வேரைப் பாதியாக நறுக்கி, ஐந்து ஆறு கன்றாகப் பிரித்து நடுங்கள்.

சைவ்ஸைப் பற்றி: 50 சதவீத நிழல்வலை, குறைந்தது ஒரு சாண் ஆழமான மண் சட்டி. மத்தியான வெயில் படக்கூடாது. மண் சட்டியின் பக்கம் ஈரம் கசிந்து ஆவியாவதால் வேர் குளிரும், பிளாஸ்ரிக் சட்டியில் வேர் வெந்துவிடும். பூவை எதிர்பார்க்காதீர்கள். குளிர் படாமல் அது பூக்காது, நம் பகல் நீளமும் வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணிக்கு அரை மணி முன்பின்தான். இலைக்காக இரண்டு வருடம் வைத்திருக்கலாம், அதற்குள் பூண்டுத் தாள் பிடித்துவிட்டால் சைவ்ஸ் தேடமாட்டீர்கள் என்பது என் எண்ணம்.

படுவான்கரை, வவுணதீவு

நோயையும் எழுதிவிடுகிறேன். கோடையில் பனிப்பூச்சி, அதாவது த்ரிப்ஸ். இலையின் கவட்டுக்குள் ஒளிந்திருந்து சுரண்டும், வெள்ளி வெள்ளிக் கோடுகள் தெரியும். வெட்டிய இலையை வெள்ளைக் கடதாசியில் தட்டினால் எறும்பைவிடச் சிறிய மஞ்சள் பூச்சிகள் ஓடும். வேப்பம் பருப்பு 50 கிராம் இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து மாலையில் கவட்டுக்குள் இறங்கும்படி அடியுங்கள். கிழமைக்கு ஒன்றாக மூன்று தரம். தாள் பயிரில் இதுவே பெரிய வசதி: தாக்கம் கூடினால் முழுக்க வெட்டி எரித்துவிட்டுப் புதுத் தழை எடுக்கலாம்.

மாரியில் ஊதாக் கறை. இலையில் நடுவில் ஊதா நிறமும் சுற்றிலும் மஞ்சளும் கொண்ட நீள்வட்டப் புள்ளி. இலை மணிக்கணக்கில் ஈரமாக நிற்பதுதான் காரணம், ஆகவே மழைக்கு முன் ஒரு வெட்டு வெட்டிக் காற்றோட்டம் கொடுங்கள். யூரியா கூடினால் இரண்டுமே கூடும். கத்தரி, தக்காளி நின்ற மணலில் உடனே நடாதீர்கள், வேர்முடிச்சுப் புழு காத்திருக்கும்.

வேலியும் முக்கியம். வெங்காய இனங்கள் மாட்டின் இரத்தச் சிவப்பணுவை உடைப்பவை. கட்டாக்காலி மாடு ஒரு பாத்தியை மேய்ந்தால் பயிருக்கும் நட்டம், மாட்டுக்கும் ஆபத்து. நாய்க்கும்தான்.

மணற்காணி, களுதாவளை

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. அடுத்த வருடத்துக்கு விதையை நானே எடுக்கலாமா?

விதைச்சாடி, திருக்கோவில்

பூண்டுத் தாளில் எடுக்கலாம். பஞ்சிங் குளிர் படாமல் பூப்பது அரிது, அதைக் கன்றால் பெருக்குங்கோ.

விதைக்கென்று நாலு கொத்தை ஒதுக்கி, மூன்று மாதம் வெட்டாமல் விடுங்கோ. பூ ஒரே நேரத்தில் குவியாது, அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். மொட்டாக இருக்கும்போது தண்டை உடைத்துச் சுண்டல் போடலாம், அதனால் விதைக் கொத்தில் வீட்டார் கை வைக்காமல் நூல் கட்டி அடையாளம் வையுங்கோ. இந்த இனம் பெரும்பாலும் மகரந்தத்தின் குணம் கலக்காமலே விதை கட்டுவதால் பிள்ளைச் செடி தாயைப் போலவே வரும். நல்ல கொத்தைத் தேர்ந்தால் அந்தக் குணம் தப்பாது.

முக்கோணக் காய் பழுப்பாகி, பத்தில் ஒன்று வெடித்துக் கறுப்பு தெரியும் அன்று தண்டோடு வெட்டிக் கடதாசிப் பைக்குள் தலைகீழாகத் தொங்கவிடுங்கோ. இரண்டு நாள் பிந்தினால் பாதி விதை நிலத்தில். பத்து நாள் நிழலில் காய்ந்ததும் தேய்த்துப் புடைத்து எடுங்கோ. பல்லால் கடித்தால் அமுங்காமல் நொறுங்க வேணும், அப்போதுதான் உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது.

சேமிக்க: ஒரு பிடி அரிசியைச் சட்டியில் பொன்னிறமாக வறுத்துச் சூடாகவே கண்ணாடிச் சாடியின் அடியில் போட்டு மூடி, ஆறியதும் மேலே துணி விரித்து விதைக் கடதாசிப் பொட்டலத்தை வையுங்கோ. மூடியை இறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில். எடுக்கும்போது சாடி அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீங்கோ, திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் அத்தனையும் குளிர்ந்த விதைமேல் பனியாகப் படியும். பொட்டலத்தின் மேல் எடுத்த மாதத்தைப் பென்சிலால் எழுதுங்கோ, பேனை மை அழியும்.

மணற்காணி, களுதாவளை

நன்றி அக்கா. ஐப்பசி முதல் கிழமை பூண்டுத் தாள் 60, பஞ்சிங் 40 விதை தட்டில் போகிறது. கொக்கி வந்ததும் எண்ணிக்கை இங்கே எழுதுகிறேன்.